எங்கும் செல்லாக் கப்பலும் தனிமைத் தீவும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலில் கடற்பயணம் பற்றிய சிறு நூற்பா ஒன்று உண்டு. பெண்டிரோடு கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்தெனப் பலரும் கொள்வர். உரையாசிரியர்களிடையே பொருள் வேறுபாடு உண்டாயினும், பண்டைத் தமிழகத்தில் கடலோடியவன் பெரும்பாலும் தனித்தே சென்றான், குடும்பம் கரையிலே காத்திருந்தது என்பதை இலக்கியம் பயில்வார் நன்கு அறிவர்.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் மக்கள் மனைவி மக்களோடும் முதிய பெற்றோரோடும் கப்பலேறினர். அக்கப்பல்கள் எந்த ஊருக்கும் செல்லவில்லை. துறையை விட்டுப் புறப்பட்டு, இரண்டு மூன்று இரவுகள் கடலில் உலவி, புறப்பட்ட துறைக்கே மீண்டன. ஊருக்குப் போகாத பயணத்துக்கும் சீட்டு வாங்கவேண்டும், சோதனை செய்துகொள்ளவேண்டும், அரசு வகுத்த விதிகளுக்கு அடங்கவேண்டும். கொரோனாக் கொள்ளைநோய் உலகை முடக்கியிருந்த காலம் அது.

இதனைப் புதுமை என்று கருதுவோர் பலர். வரலாற்றை நோக்கின், இதில் பழமையும் உண்டு. நோய்க்காலத்தில் கப்பல் பயணத்துக்கு விதி வகுப்பது சிங்கப்பூருக்குப் புதிதன்று. அவ்விதிகளின் சுமையை யார் எவ்வளவு தாங்கினர் என்னும் வினாவும் புதிதன்று. நோய் வந்தபோது ஒருவனைத் தடுத்து நிறுத்தியது அவன் உடலிலிருந்த நோயா, அவன் கையிலிருந்த சீட்டா? இவ்வினாவை முன்வைத்து இக்கடல்வழியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நாற்பது நாளின் கதை

நோயுற்ற ஊரிலிருந்து வருவோரை உடனே ஊருக்குள் விடாமல் சில நாள் புறத்தே நிறுத்திவைப்பதை இன்று தனிமைப்படுத்தல் என்கிறோம். கப்பலில் வந்த நம் முன்னோர் ‘குவாரண்டைன்’ என்றே வழங்கினர். இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் எண்ணுப்பெயரின் வழிவந்த சொல் அது. ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள இரகூசா நகரம், பிளேக் நோய்க்கு அஞ்சி, 1377-இல் வெளியூர்க் கப்பல்களில் வந்தோரை முப்பது நாள் ஒதுக்கிவைக்கும் சட்டம் இயற்றியது. இன்று அந்நகர் துப்ரோவ்னிக் எனப் பெயர்பெறும். வெனிசு நகரத்தார் 1423-இல் தனித்தீவு ஒன்றில் நோயாளர்க்கென நிலையம் அமைத்தனர். நாளடைவில் முப்பது நாள் நாற்பதாயிற்று. நாற்பதே சொல்லாகவும் நிலைத்தது.

அந்நாளில் நோயின் காரணம் எவர்க்கும் தெரியாது. காரணம் தெரியாதபோது கையிலிருந்த ஒரே அளவுகோல் நாள். குறித்த நாள் கழிந்தால் நோயில்லை, கழியாவிடின் ஐயம். எளிய கணக்காயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. நாற்பது நாள் என்றால் கப்பல் தலைவனுக்கும் நாற்பது நாள், கூலிக்கும் நாற்பது நாள். ஆசியக் கடல்களில் இக்கணக்கு அவ்வாறே நின்றதா என்பதைப் பார்ப்போம்.

செயின்ட் ஜான்ஸ் தீவு

1873-இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவிப் பல உயிர்களைக் குடித்தது. துறைமுகத்தை நம்பி வாழும் ஊருக்குக் கப்பலை நிறுத்தவும் முடியாது. கப்பலோடு வரும் நோயை ஏற்கவும் முடியாது. எனவே நகருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு நிலையம் அமைக்க முடிவாயிற்று. 1874-இன் இறுதியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. சீனத்தின் சுவாத்தோ துறையிலிருந்து வாந்திபேதியோடு வந்த ஒரு கப்பலின் பயணிகளே அங்கு முதலில் இறக்கப்பட்டனர். வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை இராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884-இல்தான். ஆகவே, நோயின் முகம் தெரிவதற்குப் பத்தாண்டு முன்னரே அதனை அடைக்கத் தீவு ஆயத்தமாகிவிட்டது.

தீவு வளர்ந்தது. 1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் பிளேக் தோன்றியபின் அதன் தேவை பெருகியது. சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர், மெக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள் ஆகியோர் ஆயிரக்கணக்கில் அங்கே தங்கவைக்கப்பட்டனர். உடைகள் நீராவியில் இடப்பட்டன. மருந்து கலந்த நீரில் குளியல் நடந்தது. கையில் அம்மைப்பால் குத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உலகின் பெரிய தனிமை நிலையங்களுள் ஒன்றாக அத்தீவு பெயர்பெற்றது. பினாங்குக்கு அருகே புலாவ் ஜெரெஜாக் தீவும் இதே பணியைச் செய்தது.

இங்கேதான் நம் வினாவுக்குரிய செய்தி உள்ளது. கப்பல் ஒன்றே, காற்று ஒன்றே, புறப்பட்ட ஊரும் ஒன்றே. ஆயினும் தீவுக்குச் சென்றவர் பெரும்பாலும் மேல்தளச் சீட்டில் வந்தவரே. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தோர், முகவரி கொடுத்துவிட்டோ மருத்துவர் கண்காணிப்புக்கு உடன்பட்டோ நகருக்குள் செல்வது வழக்கமாயிருந்தது. வெனிசின் நாள்கணக்கு இங்கு வகுப்புக்கணக்காக மாறிற்று.

மண்டபமும் நாகப்பட்டினமும்

தமிழகத்துக் கரையிலும் இதே நிலை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர், தூத்துக்குடி வழியாயின் தட்டப்பாறையிலும், தனுஷ்கோடி வழியாயின் மண்டபத்திலும் சில நாள் முகாமில் தங்கி, அம்மை குத்திக்கொண்ட பின்னரே கடல் கடக்கவேண்டும். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் மண்டபம் முகாம் பெரிதாயிற்று. அதே மண்டபமே 1964-இன் சிறிமா – சாஸ்திரி உடன்பாட்டுக்குப்பின் தாயகம் திரும்பியோரையும், 1983-க்குப்பின் இலங்கையிலிருந்து வந்த அகதிகளையும் வரவேற்றது. போவோரை நிறுத்திய முகாம் வருவோரைத் தாங்கும் முகாமாயிற்று.

மலாயாவுக்குச் சென்றோர்க்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பணத்தில் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்தது. அதன் பின்னரும் சொந்தச் செலவில் செல்வோர் ஓய்ந்தாரல்லர். அவர்களுட் பலரை ஏற்றிச்சென்ற கப்பல் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1926-இல் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியே ஏறத்தாழ ஒரு வாரத்தில் சிங்கப்பூரை அடையும். தொடக்கத்தில் மேல்தளத்தில் மட்டும் ஐயாயிரம் பேர் வரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பாய் விரித்த இடமே அறை. தகரப்பெட்டி வைத்த இடமே எல்லை. அடுத்த பாய்க்கும் இந்தப் பாய்க்கும் நடுவே சுவர் இல்லை. இருமல் ஒருவருடையதாயின் காற்று எல்லாருடையதும் ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கப்பலில் குடும்பங்கள் பெருகின. அவர்கள் பயணம் திட்டமிட்ட முறையை இன்றுள்ளோர் அறிவது நலம். உலகச் சுகாதார நிறுவனம் 1951-இல் வகுத்த விதிகள் பிளேக், வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை முதலிய ஆறு நோய்களைக் குறித்தன. பெரியம்மைச் சான்று மூன்றாண்டுக்கும், வாந்திபேதிச் சான்று ஆறு மாதத்துக்கும் செல்லும். தந்தையின் சான்று செல்லுபடியாகியும் குழந்தையின் சான்று காலம் கடந்திருந்தால் குடும்பமே இடர்ப்படும். சீட்டு, கடவுச்சீட்டு, சான்று என்னும் மூன்றின் நாள்களையும் ஒத்துப்பார்த்தே பயணத்துக்கு நாள் குறிக்கவேண்டும். நாள்கணக்கோடு சான்றுக்கணக்கும் சேர்ந்துகொண்டது. 1973-இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறிச் சிறிது காலத்தில் ஓய்ந்தது. 1970-களிலேயே செயின்ட் ஜான்ஸ் நிலையமும் மூடப்பட்டு, அத்தீவு விடுமுறைப் பொழுதுபோக்குக்குரிய இடமாயிற்று.

துறை மறுக்கப்பட்ட கப்பல்கள்

மறைந்ததாக எண்ணிய தனிமைக்காலம் 2020-இல் மீண்டது. அவ்வாண்டு ஜனவரி 23-இல் சிங்கப்பூரில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமாத் துறையில் ‘டயமண்ட் பிரின்செஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் பயணிகளோடு நிறுத்திவைக்கப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேரை நோய் பற்றியது. பயணிகள் தம் அறைகளில் அடைந்திருந்தனர். அவர்களுக்கு உணவு கொண்டுசென்ற ஊழியரோ நெருக்கமான அறைகளில் உறங்கி, வேலையும் செய்துவந்தனர். இந்திய ஊழியர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் அக்கப்பலில் இருந்தனர். ‘வெஸ்டர்டாம்’ என்னும் மற்றொரு கப்பலுக்குப் பல நாடுகள் துறை மறுக்க, இறுதியில் கம்போடியா இடமளித்தது. மார்ச் 13-இல் சிங்கப்பூரும் உல்லாசக் கப்பல்களுக்குத் துறையை மூடியது. சில நாளில் ஜொகூர்ப் பாலமும் வெறிச்சோடியது.

ஏழு மாதத்துக்குப் பின், அக்டோபரில், சிங்கப்பூர் அரசு ஒரு வழி கண்டது. வேற்றுத்துறை எதனையும் தொடாமல், சிங்கப்பூரில் வாழ்வோரை மட்டும் ஏற்றி, பாதிக் கொள்ளளவோடு, கடலில் உலவித் திரும்பும் பயணங்களுக்கு இசைவு தரப்பட்டது. நவம்பர் 6-இல் ‘வேர்ல்டு டிரீம்’ கப்பல் மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்திலிருந்து புறப்பட்டது. டிசம்பரில் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ சேர்ந்தது.

தெம்பனிசில் ஒரு குடும்பம்

தீவின் கிழக்கே தெம்பனிஸ் என்னும் பெருநகரியம் உள்ளது. தெம்பினிஸ் என்னும் வைரம்பாய்ந்த மரத்தால் பெற்ற பெயர் அது. ஒருகாலத்தில் மணல் தோண்டிய நிலம். 1992-இல் உலகக் குடியிருப்பு விருது பெற்ற நகரியம். சாங்கி விமான நிலையம் அண்மையிலுள்ளது. வானில் ஓயாது விமானம் பார்த்துப் பழகிய இவ்வூரார்க்கு 2020-இன் அமைதி மிகவும் புதிது. விமான நிலையத்தின் இரண்டாம், நான்காம் முனையங்கள் அவ்வாண்டு மே மாதத்தில் மூடப்பட்டன. அடுத்துள்ள சிங்கப்பூர் எக்ஸ்போ மண்டபங்கள் நோயாளர் தங்குமிடமாயின.

இவ்வூரின் அடுக்குமாடி வீடொன்றில் தாத்தா, பாட்டி, பெற்றோர், இரு பிள்ளைகள் என அறுவர் வாழ்வதாகக் கொள்வோம். ஆண்டிறுதி விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் வழக்கமுடையவர்கள். அவ்வாண்டு அது இயலாது. சென்றாலும் திரும்பியபின் பதினான்கு நாள் தனிமை உண்டு, பள்ளி தொடங்கிவிடும். எனவே கப்பலை எண்ணுகின்றனர். உடனே கணக்குகள் எழுகின்றன. கப்பலேறுமுன் நோய்ச்சோதனை வேண்டும். ஒரு கப்பலுக்குத் துறையிலேயே விரைவுச் சோதனை. மற்றொன்றுக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே ஆய்வகச் சோதனை. ஒருவருக்கு நோயெனத் தெரிந்தால் குடும்பத் திட்டமே கலையும். சென்ற இடமெல்லாம் பதியும் ‘டிரேஸ் டுகெதர்’ கருவியோ செயலியோ கையில் வேண்டும். உணவு மேசைக்கு ஐவருக்கு மேல் கூடாது என்பது அன்றைய விதி. டிசம்பர் 28 முதல் அது எண்மராயிற்று. ஆகவே, ஒரு மாதம் முந்திச் சென்றால் அறுவர் இரு மேசைகளில் பிரிந்தமர வேண்டும். முதியோரை நெருங்கிய கூட்டத்திடை அழைத்துச் செல்வதா என்னும் ஐயமோ எந்த விதியாலும் தீர்வதன்று.

ரஜூலாவில் குழந்தையின் அம்மைச் சான்றைப் புரட்டிப் பார்த்த தந்தைக்கும், கைப்பேசியில் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் தந்தைக்கும் கவலை ஒன்றே, கருவிதான் வேறு. ஆயினும் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பண்டு தடை பயணத்தின் முடிவில் நின்றது. இப்போது அது பயணத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. நாளால் அளந்த ஐயம் சில மணிகளால் அளக்கப்பட்டது. சோதனைக்குச் சீட்டின் வகுப்பும் தெரியாது; மேலறைப் பயணிக்கும் கீழறைப் பயணிக்கும் அதே சோதனைதான்.

இம்முறையின் வலிவும் நொய்மையும் விரைவில் தெரிந்தன. 2020 டிசம்பர் 9-இல் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ பயணத்தை இடையில் நிறுத்தித் திரும்பியது. எண்பத்து மூன்று வயதுப் பயணி ஒருவருக்கு நோய் என்று கப்பற் சோதனை காட்டியதே காரணம். பயணிகள் 1,680 பேரும் ஊழியர் 1,148 பேரும் அதிலிருந்தனர். பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்கவேண்டியதாயிற்று. மறுசோதனைகளில் முதியவருக்கு நோயில்லை என்று தெளிந்தது. வெனிசில் நாற்பது நாள் நீடித்திருக்கக்கூடிய ஐயம் ஏறத்தாழ ஒரே நாளில் தீர்ந்தது. அறிவியலின் வெற்றி இதுவே.

அதே ஊரில் மற்றொரு வாயில்

அறிவியல் வென்றதென்று சொல்லி இங்கு முடித்தால் வரலாறு பாதியே ஆகும். தெம்பனிஸ் வட்டாரத்திலேயே வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியும் உண்டு. 2020 ஏப்ரலில் ‘தெம்பனிஸ் டார்மிட்டரி’ தனிமைப்படுத்தப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த விடுதிகள் அதற்குச் சில நாள் முன்னரே அவ்வாறு அறிவிக்கப்பட்டிருந்தன. விடுதிகளில் தங்கியிருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் தமிழ்நாட்டினரும் வங்காள தேசத்தவரும் மிகப் பலர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான கணக்கின்படி, அவர்களுள் 47 விழுக்காட்டினரை நோய் தொட்டுச் சென்றிருந்தது. அரசு உணவும் மருத்துவமும் அளித்தது. உயிரிழப்பும் மிகக் குறைவே. இவற்றை மறைத்தல் நேர்மையன்று.

ஆனால் நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நகரத்தார் நவம்பர் 2020-இல் கப்பலேறினர். விடுதித் தொழிலாளர், வேலைக்கும் குறித்த பொழுதுபோக்கு நிலையங்களுக்கும் அன்றி, நகருக்குள் தம் விருப்பம்போல் செல்ல இயலவில்லை. 2021 செப்டம்பரில்தான், தடுப்பூசி போட்டுக்கொண்டோரில் வாரத்துக்கு ஐந்நூறு பேர் வரை லிட்டில் இந்தியா முதலிய இடங்களுக்குச் சென்றுவர முன்னோட்டமாக இசைவு தரப்பட்டது. தேக்கா சந்தையில் ஊர்க்காரனைக் கண்டு பேசுவதும், வீரமாகாளியம்மன் கோயிலில் வணங்குவதும், சிராங்கூன் சாலையில் ஒரு வேளை உண்பதும் அவர்களுக்குக் கப்பல் பயணத்தினும் அரியனவாயின. வெளியே செல்லத் தனி அனுமதி பெறவேண்டும் என்னும் விதி 2022 ஜூன் 24-இல் நீங்கியது. அப்போதும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது.

கப்பலில் பணிசெய்தோர் நிலையையும் மறத்தலாகாது. பயணியர்க்கு ஒரு சோதனை; ஊழியர்க்கோ பணி தொடங்குமுன் வாரக்கணக்கில் தனிமையும் மீண்டும் மீண்டும் சோதனையும். ஒரு குடும்பம் மூன்று நாள் மகிழ்ந்துவர, உணவு பரிமாறுவோர் பன்னாள் தனித்திருந்தனர்.

நாள்கணக்கும் இடக்கணக்கும்

இதனை வெறும் பாரபட்சம் என்று சொல்லி ஒதுக்குதல் எளிது. ஆராய்ந்து நோக்கின் வேறோர் உண்மை புலப்படும். ரஜூலாவின் மேல்தளத்துக்கும் விடுதியின் அறைக்கும் பொதுவானது நெருக்கம். விடுதிகளில் ஓர் அறையில் பத்துக்கு மேற்பட்டோர் அடுக்குக் கட்டில்களில் உறங்கினர். நெருக்கத்தில் நோய் விரைந்து பரவும். ஆதலின் மருத்துவர் அங்கே கடுமையான தடை விதிப்பதில் காரணம் இருந்தது. நெருக்கமோ தானே தோன்றியதன்று. மலிவான சீட்டிலும் மலிவான வாடகையிலும் பிறந்தது. சீட்டு நோயை நேரே தீர்மானிக்கவில்லை. சீட்டு இடத்தைத் தீர்மானித்தது. இடம் நோயைத் தீர்மானித்தது. நோய் தடையைக் கொணர்ந்தது. முதலில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை.

இவ்வுண்மையைக் கடற்சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. மேல்தளப் பயணிக்கு இத்துணை இடம் வேண்டுமென 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் சட்டம் செய்தனர். 1931-இல் சிம்லா விதிகள் வந்தன. 1973-இல் இத்தகு கப்பல்களின் இட அளவைக் குறித்தே தனி உலக உடன்பாடு தோன்றியது. தரையிலும் அவ்வாறே, 2021 செப்டம்பரில் சிங்கப்பூர் அரசு புதிய விடுதிகளுக்கு அளவு வகுத்தது: ஓர் அறையில் பன்னிருவருக்கு மேல் கூடாது, அறையோடு கழிவறையும் வேண்டும் என்று. நோய்க்காலத்து விதிகள் நோயோடு மறையும். இட அளவு விதி எஞ்சி நின்று அடுத்த நோயைத் தடுக்கும். எனவே, தனிமைத் தீவைவிட ஒரு சாண் இடைவெளி மேலான மருந்து எனலாம்.

2022-இன் நடுப்பகுதியில் உல்லாசக் கப்பல்கள் மீண்டும் அயல்துறைகளைத் தொட்டன. சென்னையிலிருந்து வந்த ரஜூலா முன்னர்த் தங்கிச் சென்ற பினாங்கையும் கிள்ளானையும் இன்று விடுமுறைக் குடும்பங்கள் காண்கின்றன. அவர்கள் கப்பலேறும் நிலையத்துக்கு அருகிலுள்ள மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு செல்கிறது. அரைநாள் போதும். பிள்ளைகளைத் தமிழாசிரியர்கள் அங்கு அழைத்துச் சென்று, ‘உங்கள் பாட்டனார் இவ்வூரில் முதலில் கால்வைத்த மண் இதுவாகவும் இருக்கலாம்’ என்று காட்டலாம். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் பாடநூலின் ஓர் அதிகாரத்துக்கு ஒப்பான செய்தி அங்கே உள்ளது.